குழிக் குழாயும் என் ஈரலும்

முதலில் வந்தது வலது தோளில் வலி. சீட் கவர் தைக்கிறவனுக்குத் தோள்வலி புதிதா என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன். பிறகு காய்ச்சல் வந்தது, விட்டது, குளிரோடு திரும்பி வந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. இருமினால் உயிர் போனது. கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நடையில் வைத்தே அந்த இளம் டாக்டர் கேட்டார்.

"ஈரல்ல பெரிய சீழ்க்கட்டி இருக்கு. எத்தனை வருசமா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதே இல்ல சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

அதோடு அவர் போய்விட்டார். பெஞ்சே என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த வாடையே எனக்கு ஆகாது. கல்யாணத்துக்கு வேனில் போனால் பின்னால் நடக்கும் கூத்துக்குப் பயந்து டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவேன். இதையெல்லாம் அந்த நடையில் யாரிடம் சொல்ல? பக்கத்தில் நின்ற என் மனைவி ஜெயா தலையைக் குனிந்துகொண்டாள். கட்டியைவிட அது வலித்தது.

செய்தி கன்னிவாடிக்குப் பறந்தது. அங்கே தக்காளி போடுகிற ஜெயாவின் அண்ணன் இளநீரோடு வந்து இறங்கினார்.

"ஏன் மாப்ள, இம்புட்டு நாளா கமுக்கமா இருந்துட்டீகளே. ஒரு வார்த்தை சொல்லிருந்தா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டி நிப்பாட்டிருப்பேன்ல?"

அவர் போனபிறகு ஜெயா என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க. நான் கோவப்பட மாட்டேன்."

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் கேட்கிறாள். கோபத்தில் சுவர்ப்பக்கம் புரண்டு படுக்கப் பார்த்தேன். அது வலது பக்கம், படுக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை.

மறுநாள் வந்த பெரிய டாக்டர்தான் வேறு கேள்வி கேட்டார்.

"வீட்டுல குடிதண்ணி எங்கருந்து வருது?"

"குழாய்லதான் சார். ஆத்தூர் டேம் தண்ணி."

"காய்ச்சுவீங்களா?"

"ஆத்தூர்த் தண்ணியவா?" என்றாள் ஜெயா. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லில் அந்தத் தண்ணீரின் ருசிக்கு அத்தனை பெயர். கேன் தண்ணீர் வாங்கும் வீடுகளை நாங்களே கேலி செய்திருக்கிறோம்.

அவர் நிதானமாக விளக்கினார். அமீபா (கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்) மனிதக் குடலில் வாழும் ஒட்டுண்ணி. மலத்தோடு வெளியேறும் அதன் கூடுகள் தண்ணீரிலோ பச்சைக் காய்கறியிலோ சேர்ந்தால் அடுத்தவர் வயிற்றுக்குள் போய்விடும். சிலருக்கு ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். "குடிக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும். அதுக்காக வந்தவங்க எல்லாரும் குடிகாரங்க இல்ல." இதை அவர் அந்த நடையில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஊசி விட்டுச் சீழை எடுத்தார்கள். அரைத்த மிளகாய் நிறத்தில் வந்தது. மெட்ரோனிடசோல் (அமீபாவைக் கொல்லும் மருந்து) வாயில் துருப்பிடித்த சாவியைச் சப்பியதுபோல் ருசித்தது. "இதப் போடுறப்ப சரக்க மட்டும் தொட்டுறாதீங்க" என்றார் மருந்துக் கடைக்காரர், கண்ணைச் சிமிட்டி. உங்களுக்கும் இந்த நோய் வந்திருந்தால் ஒன்று கேளுங்கள்: குடலில் மிச்சமிருக்கும் கூடுகளை அழிக்கத் தனியாக ஒரு மாத்திரை தருவார்கள். காய்ச்சல் நின்றதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்து, எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையிலிருந்து வந்தாள். சளியும் ரத்தமுமாகப் போயிருந்தது. பரிசோதனையில் அதே அமீபா.

பார்க்க வந்த மச்சானிடம் கேட்டேன். "பாப்பா எத்தனை வருசமா குடிக்கிறா மச்சான்?"

ஜெயா எழுந்து வாசலுக்குப் போனாள். எங்கள் குழாய்க் குழிக்கு முன்னால் நின்று அழுதாள்.

எங்கள் தெருவில் குழாய் தரைக்கு மேலே இருந்தால் தண்ணீர் ஏறாது. அதனால் வீட்டுக்கு வீடு குழி தோண்டி, குழாயை உள்ளே இறக்கி வைத்திருக்கிறோம். ஓர் அடி தள்ளிச் சாக்கடை ஓடுகிறது. அது கசிந்து குழியில் நிற்கும். குழாயில் தண்ணீர் வரத்து நின்றுபோகிற நேரத்தில் குழாய் அந்தச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அணையிலிருந்து நல்லபடி கிளம்பும் தண்ணீர் எங்கள் வாசலில் வந்து கெட்டுப்போகிறது.

மாநகராட்சியில் பலமுறை சொன்னபிறகு ஓர் அலுவலர் வந்து எட்டிப் பார்த்தார். "குழி தோண்டுனது உங்க தப்பு."

"மேல ஏறுற மாதிரி விடுங்க சார், இன்னைக்கே மூடுறோம்" என்றாள் ஜெயா. "எங்களுக்கென்ன, குழிக்குள்ள இறங்கிக் குடம் தூக்கணும்னு ஆசையா?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலில் குடிகாரன், இப்போது குழி தோண்டியவன். எப்படிப் பார்த்தாலும் நோயாளியே குற்றவாளி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கவிதா தேறிவிட்டாள். எனக்கும் கட்டி வற்றிவிட்டது. ஆனால் இந்த உடம்பு என் தோலோடு முடிகிறது என்று இப்போது நினைக்க முடியவில்லை. தெருச் சாக்கடை எனக்குள்ளும் ஓடியிருக்கிறது. தண்ணீர் வரும் நாள் முன்பெல்லாம் பண்டிகை மாதிரி. இப்போது குழாயில் காற்றுச் சத்தம் கேட்டதுமே கை தானாக வலது விலாவுக்குப் போகிறது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறவரை நகராமல் நிற்கிறேன்.

போன முறை தண்ணீர் வந்தபோது எதிர்வீட்டு அண்ணன் தன் குழிக்குள் குனிந்து சொம்பில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காய்ச்சிக் குடிங்கண்ணே. எனக்கு ஈரல்ல வந்தது இதுலருந்துதான்."

அவர் பாதிச் சொம்போடு நிமிர்ந்து, பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"எனக்கென்ன தம்பி பயம்? எனக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தையும் அண்ணாந்து குடித்தார்.