மரத்தடிக்கு வந்த கமிட்டி

எழுபதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தும் வேலை எனக்குக் கிடைத்தபோது, கும்பகோணத்தில் எங்கள் உறவினர் எல்லோரும், "நல்ல காத்தோட்டமான ஊரு" என்றார்கள். அவர்களில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னது சரிதான். காற்றைத் தடுக்க எங்கள் கல்லூரியில் சுவர்கள் அதிகம் கிடையாது.

இருந்த சில அறைகளை ஆபீசும் ஆய்வகங்களும் எடுத்துக்கொண்டன. வரலாற்றுக்கு ஒரு வேப்பமரம் ஒதுக்கியிருந்தார்கள். தமிழுக்குப் புளியமரம். பொருளாதாரத்துக்குக் கருவேலமரம்தான் மிஞ்சியது. அதன் கீழ் பாடம் நடத்தியவள் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த தோழி.

"நிழலு இல்ல, முள்ளு மட்டும் இருக்கு. என் பாடத்துக்குப் பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க" என்பாள்.

வீட்டிலும் வெளிவாசம்தான். வெக்கைக்கு மொட்டை மாடியில் தூக்கம், விடிந்ததும் பின்பக்கத்து வயல் பம்புசெட்டில் குளியல். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக வேண்டுமென்றால் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழிவரை நடப்போம். கல்லாகிப்போன கடல் சிப்பி கிடந்தால் பொறுக்கி வருவோம். ஊரைச் சுற்றிக் கல்லைத் தோண்டி, சிமெண்டாக்கி, ரயிலேற்றி நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வகுப்பறை கட்ட மட்டும் சிமெண்டுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை.

கட்டடம் தேவையா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு ஒருத்தரும் உள்ள பாடம் நடத்தக் கூடாது. கெமிஸ்ட்ரியும் வெளியிலதான். வெயிலு, புழுதி, ஆடு, எல்லாத்தையும் அவங்க கண்ணால பாக்கணும்."

நான் என் பங்குக்கு முகலாயர் கட்டடக் கலையை அன்றைய பாடமாக வைத்துக்கொண்டேன். ஜாடை புரியட்டும் என்று.

அது மார்ச் மாதம். கமிட்டி வருவதற்கு முந்தைய சாயங்காலம், யாரும் கேட்காமலே ஒரு கோடை மழை பெய்து தீர்த்தது. காலையில் போய்ப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. இலைகளில் படிந்திருந்த சிமெண்டுத் தூசி முழுக்கக் கழுவிப்போயிருந்தது. வேம்பு பூத்து மணத்தது. சில்லென்று காற்று. பிரின்சிபால் வானத்தை முறைத்துவிட்டுப் பியூனைக் கூப்பிட்டார்.

"ஆடெல்லாம் எங்கய்யா?"

"ஏரிப்பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க சார். மழை பேஞ்சுதுல்ல, பச்சை இருக்கும்."

"தெனமும் வகுப்புக்குள்ள வர்ற ஆடு, இன்னைக்குப் பாத்து மேயப் போயிடுச்சா?"

கமிட்டித் தலைவர் காரிலிருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். நேராக என் மரத்தடிக்கு வந்து, நாற்காலியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மாணவர்களோடு தரையில் உட்கார்ந்தார். நான் தாஜ்மகாலின் தூண்களையும் மாடங்களையும் கொஞ்சம் சத்தமாகவே வர்ணித்தேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார்.

"அவ்வளவும் கட்டி என்னம்மா பிரயோசனம்? கஜானா காலியானதுதான் மிச்சம்" என்றார்.

பூலாம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு மாணவனைக் குறை சொல்லச் சொல்லிப் பிரின்சிபால் தயார் செய்து வைத்திருந்தார். அவன் எழுந்து, "மழை வந்தா நனைஞ்சு போயிடுறோம் சார்" என்றான்.

"நாங்களும் அப்படித்தான் படிச்சோம் தம்பி" என்று பெரியவர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இளநீர் குடித்தார். மெட்ராசில் இப்படிக் காற்று உண்டா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். அவர்களும் இல்லை என்றார்கள். காலில் முள் தைத்து நொண்டிக்கொண்டே வந்த என் தோழியைப் பார்த்து, "குருகுலம்னா இதுதாம்மா" என்று உருகிவிட்டுக் கார் ஏறினார்.

சில மாதம் கழித்து அரசாங்க லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. சிமெண்டு என்று நினைத்துப் பிரின்சிபால் செருப்பில்லாமல் ஓடினார். லாரி நிறைய மரக்கன்றுகள். மரத்தடிக் கல்வியை ஊக்குவிக்கவாம். அவர் ஒரு கன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "குழி தோண்டச் சொல்லுங்க" என்றார். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நானும் தோழியும், அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டி எடுத்தோம். பாதிக் கன்றுகளை அந்த வாரமே ஆடுகள் முடித்துவிட்டன.

ஐப்பசி அடைமழையில் இரண்டு பேரின் வகுப்பும் ஒரே தாழ்வாரத்துக்கு வந்தது. இந்தப் பக்கம் நான் கத்துவேன், அந்தப் பக்கம் அவள் கத்துவாள். அரையாண்டுத் தேர்வில் பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் கேட்டிருந்தேன். ஒருவன், "தேவை கூடி, அளிப்பு குறைந்தது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தான். தோழியிடம் காட்டினேன்.

"என் பாடத்தை ஒருத்தனாவது காதுல வாங்கியிருக்கானே!" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

யோசித்துப் பார்த்தேன். அங்கே ரொட்டிப் பஞ்சமும் ஒரு காரணம்தானே. தப்பென்று அடிக்க மனம் வரவில்லை. பாதி மதிப்பெண் போட்டேன்.