மகாலிங்கம் சேரின் புருவம்

அவருடைய பெயர் மகலோங். பிலிப்பைன்ஸில் அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. சுவிஸின் பாடன் நகரில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்த மறுநாளே, அங்கே படிக்கும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் அவரை 'மகாலிங்கம் சேர்' ஆக்கிவிட்டார்கள்.

மணிலாவில் பதினொரு வருடம் சம்பளத்துக்கு ஆடிய மனிதர். சந்தைக்குப் போனால் மீன்காரி நல்ல மீனாகப் பொறுக்கித் தருவாளாம். பிறகு முழங்கால் போயிற்று, மனைவிக்குச் சுவிஸ் ஆசுபத்திரியில் தாதி வேலை கிடைத்தது, இவரும் பெட்டியோடு பெட்டியாக வந்து இறங்கினார். இங்கே கிடைத்த அணியை அணி என்று சொல்லவே வாய் கூசும். மொத்தம் ஐந்து பேர், மாற்றுக்கு ஆளில்லை. ஓர் ஆட்டத்துக்குப் போகாவிட்டாலும் அணியைக் கலைத்துவிடுவோம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. அதோடு இவர் வேலையும் போகும். பிறகு இந்த நாட்டில் அவர் தாதியின் புருஷன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஷாஃப்ஹவுசனில் ஆட்டம். ஐவரில் ஒருத்தியான கிருசிகாவுக்கு அன்று தமிழ்ப் பள்ளிக்கூடம். தாய் ஜெயமலர் விடமாட்டேன் என்றுவிட்டார். வெள்ளி மாலை சேர் நேரிலேயே கேட்கப் போனார்.

பெயரை நம்பி ஓர் ஊர்க்காரரை எதிர்பார்த்து வடை சுட்டிருந்த ஜெயமலர், கதவைத் திறந்ததும் திகைத்துப்போனார். வடைக்கு மட்டும் குறைவில்லை. கிருசிகா நல்ல பிள்ளையாக அறைக்குள் பதுங்கிக்கொண்டாள்.

இருவரும் வேலையிடத்தில் பழகிய ஜெர்மனில்தான் கதைத்தார்கள். அடுத்த கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது உங்கள் பொறுப்பு, சரிதானா என்று ஜெயமலர் கேட்டார். சேர் இரண்டு புருவத்தையும் உயர்த்தினார். அவருடைய ஊரில் அதற்கு 'ஆம்' என்று பொருள். ஜெயமலருடைய ஊரில் அது 'என்ன?'. கேட்கவில்லையாக்கும் என்று அவர் சத்தமாகத் திரும்பக் கேட்டார். சேர் இன்னும் பணிவாக, இன்னும் உயரமாகப் புருவத்தைத் தூக்கினார்.

"மனுசனுக்குக் காது கேக்காது போலை, வடிவாச் சொல்லும்," என்று கணவர் தம்பித்துரை தொலைக்காட்சியை நிறுத்தினார்.

நாலாம் முறை, பாவம் மனிதர் என்று ஜெயமலர் மனம் இரங்கித் தலையை இருபக்கமும் ஆட்டினார். நம் ஆட்களுக்கு அது சம்மதம். சேருடைய ஊரில் அது 'முடியாது'. கும்பிடு போட்டு எழுந்தவர், பேருந்தில் இருந்தபடியே ஷாஃப்ஹவுசன் கல்லூரிக்கு, எங்கள் அணி வராது என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். பிள்ளைகளிடம் நேரில் சொல்லலாம் என்று நினைத்தார். தொலைபேசியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

காலையில் பாடன் ரயில் நிலையத்தில் பிள்ளைகளை எண்ணினார். ஐந்து பேர். கூடவே ஜெயமலர், சாப்பாட்டுப் பையோடு.

சேர் உடனே தொலைபேசியை எடுத்தார். ஷாஃப்ஹவுசனுக்கு அழைத்தால், திங்கள் எட்டு மணிக்குத் திறப்போம் என்று பதிவுக்குரல் சொன்னது. அவர் விஷயத்தைச் சொல்ல, கிருசிகா சிரித்துச் சிரித்து இருமினாள். புருவத்தின் கதையை அவருக்கு விளக்கியதும் அவள்தான்; சிரிப்பில் தலையாட்டலைச் சொல்ல மறந்துவிட்டாள். மண்டபம் பூட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது என்று சேர் வழியெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டே போனார்.

மண்டபம் திறந்திருந்தது. சுவிஸ்காரர்கள் வெள்ளி நாலு மணிக்குப் பிறகு மின்னஞ்சல் பார்ப்பதில்லை. கடவுள் அவர்களை ஆசீர்வதிக்கட்டும்.

எழுபத்தொன்றுக்குப் பத்தொன்பது. படுதோல்வி. எதிரணிப் பயிற்சியாளர் ஆறுதலாகத் தோளில் தட்டினார். சேரோ புள்ளித்தாளில் ஒப்பமிட்டு, தன் பிரதியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆடியாயிற்று. அணி இருக்கிறது. மணிலாவில் கிண்ணம் தூக்கிய நாளில்கூட அவருக்குக் கண் இப்படிக் கலங்கியதில்லை.

ஜெயமலர் சோற்றுப் பெட்டியை அவர் கையில் கொடுத்து, தமிழிலேயே கேட்டார்:

"அடுத்த மாசமும் சனியிலை மட்ச் இருக்கோ?"

மட்ச் என்ற சொல்லே அவருக்குப் போதும்; புருவம் தானாக ஏறப் பார்த்தது. சேர் இரண்டு விரலால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு, 'ஆம்' என்பதற்குப் பிள்ளைகள் வாயிலிருந்து பொறுக்கிய ஒரே சொல்லைச் சொன்னார்.

"ஓம்."

ஜெயமலர் தலையை இருபக்கமும் ஆட்டினார். சேருக்கு முகம் வெளுத்துவிட்டது.