பன்னிரண்டாவது சாரணன்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில், முக்கால் மணிநேரம் போல நான் ஓர் ஆண் பிள்ளையாக இருந்தேன். அதற்கு ஏற்பாடு செய்தது அண்ணன். ஒப்புக்கொண்டது நான். எங்கள் வீட்டில் எத்தனையோ பழைய கூத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் இதை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

எங்கள் ஊர் பெரியகல்லாறு. கிழக்கே கடல், மேற்கே ஆறு. வாவி என்பது புத்தகத்தில் எழுதுகிற பெயர், எங்களுக்கு அது ஆறுதான். அண்ணன் சாரணர் துருப்பில் சேர்ந்த காலத்தில் அங்கே நாற்பது பெடியன்கள் இருந்தார்களாம். கோயில் திருவிழாவில் கயிறு பிடித்துச் சனத்தை ஒழுங்குபடுத்துவதும், தண்ணீர்ப் பந்தலில் நின்று சர்க்கரைத் தண்ணீர் வார்ப்பதும் அவர்கள் வேலை. வார்த்ததில் பாதியைத் தாங்களே குடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். நான் விவரம் அறியும்போதே அந்த நாற்பது இருபத்தைந்தாகிவிட்டது. சமாதான காலம் என்றுதான் பெயர், ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில் காணாமற் போய்க்கொண்டிருந்தார்கள். காக்கி உடுத்து விசிலுக்கு நடை பயிலுகிற பெடியன்களைக் கண்டால் தாய்மாருக்கு நெஞ்சு பதறியது.

அப்பாவும் அண்ணனை மறிக்கப் பார்த்தார். "காக்கியைப் போட்டு வரிசையில நிண்டா எல்லாற்ற கண்ணுக்கும் நீ இயக்கத்து ஆள் மாதிரித்தான் தெரிவாய். எவன் வந்து கேட்டாலும் நான் என்னத்தச் சொல்ல?" என்று வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டார்.  அடுத்த நாள் அண்ணன் காற்சட்டையைச் சாக்குப் பைக்குள் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் உடுத்தினான். அவன் பிடித்தால் பிடிதான்.

அதற்குப் பிறகு அலை வந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது துருப்பின் பெயர்ப் பதிவான இடாப்பைப் பற்றி மட்டும். அலை போன மறு மாதம் சாரணர் ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு மேற்கே படுவான்கரைக்குப் போய்விட்டார். போகும்போது துருப்பின் இடாப்பையும் விசிலையும் பதினேழு வயது அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் ஒரு சிவப்புப் பேனையை எடுத்து, அலையில் போன மூன்று பெடியன்களின் பெயரை வெட்டினான். கொழும்புக்கும் மாமன் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டவர்களை வெட்டினான். தாய் கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்திக்கொண்டவர்களையும் வெட்டினான். மிஞ்சியது பதினொரு பேர். ஒரு பெயரை மட்டும் அவன் வெட்டவுமில்லை, பதினொன்றில் சேர்க்கவுமில்லை.

அது மாமியின் மகனுடைய பெயர். மாமி என்றால் அப்பாவின் தங்கை. மாமா சவூதியில் லொறி ஓட்டினார், அவர்களுக்கு ஒரே பிள்ளை அவன். எனக்கு ஒரு வயது மூப்பு. வயது காணாது என்று சொல்லியும் அண்ணனின் காலைச் சுற்றிச் சுற்றித் துருப்பில் சேர்ந்து, கழுத்துப்பட்டி கட்டி இரண்டு மாதம் கூட ஆகியிருக்கவில்லை. அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மாமி இருக்கிறார்.

அவனுடைய உடம்பு கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இறந்தால் முப்பத்தோராம் நாள் படையல் வைத்து, ஊருக்குச் சோறு கொடுத்துத் துடக்குத் தீட்டைக் கழிப்பார்கள். அந்தத் தை மாதம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முப்பத்தொன்று. மாமி மட்டும் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். அப்பா சொல்லிப் பார்த்தார். மாமா சவூதியிலிருந்து தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னார். "உடம்பைக் கொண்டு வந்து காட்டுங்க, செய்யிறன்" என்பதுதான் மாமியின் பதில். சனிக்கிழமை தோறும் அவனுடைய படத்தை எடுத்துக்கொண்டு முதல் பஸ்சில் ஏறிவிடுவார். பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிற இல்லங்கள், ஆஸ்பத்திரிகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுப் பொழுதுபட வந்து சேருவார்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருக்கிற சாரணர் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த அந்தக் கடிதத்தைப் பேக்கரிக்காரர்தான் வாசித்துச் சொன்னார். அவர் பத்து வருடம் கொழும்பில் பாண் போட்டவர். நாடெங்கும் சாரணர்கள் குறைந்துகொண்டே போவதால் விதிகளை மாற்றுகிறார்களாம். பன்னிரண்டு பேருக்குக் குறைந்த துருப்புக்கு இனிமேல் பதிவு கிடையாதாம். அதைக் கலைத்து, விருப்பமானவர்களைப் பட்டணத்துத் துருப்பில் சேர்ப்பார்களாம். சோதனைச் சாவடிகளைத் தாண்டி, எந்தத் தாய் தன் பிள்ளையைக் காக்கியுடன் பட்டணத்துக்கு அனுப்புவாள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அலைக்குப் பிறகு அவனிடம் மிஞ்சியிருந்தது அந்தத் துருப்பு ஒன்றுதான். வீடு போய்விட்டது, தோணி போய்விட்டது, உயர்தரப் பரீட்சையும் அந்த வருடம் போய்விட்டது. பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டில்களில் குடியிருந்தோம். அந்த மைதானத்தில் சனிக்கிழமை காலையில் பதினொரு பேரை வரிசையில் நிறுத்திக் கொடி ஏற்றுகிற ஒரு மணிநேரம்தான் அவன் பழைய அண்ணனாக இருப்பான். மூன்றாம் நாள் அவன் இடாப்பைத் திறந்து, பன்னிரண்டு பெயர்களையும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினான்.

அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. "செத்த பிள்ளைட பேரையாடா எழுதி அனுப்பினாய்?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"செத்ததெண்டு ஆர் சொன்ன? பெத்த தாயே இன்னும் சொல்லேல்ல. முப்பத்தொண்டு முடியாத பேரை நான் எப்பிடி வெட்டுற?" என்றான் அண்ணன்.

அவன் பொய் சொன்னதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நியாயத்தை அவன் உண்மையாகவே நம்பினான். அவனுடைய பிழையும் அதுதான்.

கொழும்பும் சும்மா இருக்கவில்லை. பட்டணத்திலிருந்து சாரணர் அதிகாரியான ஒரு சேர் வந்து துருப்பை நேரில் பார்த்து, பெயர் கூப்பிட்டு உறுதிப்படுத்துவார் என்று மறுகடிதம் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. மாமி ஊரில் இல்லாத நாள் என்பதால் அண்ணனுக்கு அந்த நேரம் வாய்ப்பாகப் போயிற்று. இனி ஒரு பையன் வேண்டும். ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கிடைக்க மாட்டான். அண்ணனின் கண் என் தலையில் விழுந்தது. முகாமில் பேன் தொல்லை தாங்காமல் அம்மா எனக்கு மொட்டை அடித்திருந்தார். மயிர் அப்போதுதான் ஓர் அங்குலம் முளைத்திருந்தது.

மூன்று நாள் எனக்குப் பயிற்சி. மூன்று விரலை நெற்றியில் வைத்து வணக்கம் சொல்ல வேண்டும். கை கொடுக்கும்போது இடக்கையைக் கொடுக்க வேண்டும், சாரணர்களின் முறை அது. பெயர் கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்தி "பிரசன்ட் சேர்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அண்ணனின் பழைய காற்சட்டையை அம்மா திட்டிக்கொண்டே பிடித்துத் தைத்தார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. எத்தனை சனிக்கிழமை அந்த வரிசையை வேலி ஓரம் நின்று பார்த்து ஏங்கியிருப்பேன்! மாமியின் மகனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று அவனோடு ஒரு கிழமை கோபம் போட்டதும் உண்டு. இப்போது அவனுடைய இடம் எனக்குத்தான் என்று சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான் பட்டேன்.

அந்தச் சனிக்கிழமை யாரோ ஹர்த்தால் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. சேர் கடமை தவறாதவர், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். விடியவே படத்துடன் புறப்பட்ட மாமி சந்தியில் வெகுநேரம் காத்து நின்றுவிட்டுத் திரும்பி வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கொடி ஏறியது. சேர் இடாப்பைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, வந்தவனுக்குக் கை கொடுத்துச் சரி போட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது பெயரைக் கூப்பிட்டார். தகரக் கொட்டில் வரைக்கும் கேட்கட்டும் என்று அடித்தொண்டையால் கத்தினேன், "பிரசன்ட் சேர்!"

சேர் இடக்கையை நீட்டினார். நான் பதற்றத்தில் வலக்கையை நீட்டிவிட்டேன். அவர் புருவத்தைச் சுருக்கி என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஒரு குடம் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

மாமி ஓடி வந்தார். சேலை காலில் தடக்கியது, விழுந்து எழும்பி மறுகாவும் ஓடி வந்தார். வரிசையின் முன்னால் வந்து நின்று ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது கோபம் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் சுண்ணாம்பாய் வெளுத்துப் போய் நின்றான்.

"என்னம்மா, ஆரைத் தேடுறீங்க?" என்றார் சேர்.

"என்ட மகன்ட பேரைக் கூப்பிட்டீங்க ஐயா. அவன் பதில் சொன்னான். எனக்குக் கேட்டது."

"ஓம், இந்தா நிக்கிறாரே. இவர்தானே உங்கட மகன்?" என்று சேர் என் தோளில் கையை வைத்தார்.

மாமியின் பார்வை என்னில் வந்து நின்றது. என் மொட்டைத் தலை, அண்ணனின் காற்சட்டை, நீட்டியபடியே இருந்த என் வலக்கை எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.  ஒரு சொல் போதும், துருப்பும் போய்விடும், அண்ணனும் போய்விடுவான்.

மாமி கிட்ட வந்து, கோணலாகிப் போயிருந்த என் கழுத்துப்பட்டியை இழுத்து நேராக்கினார். அவர் விரல்கள் ஈரமாக இருந்தன.

"ஓம் ஐயா. என்ட மகன்தான். காலையில ஒண்டும் தின்னாம ஓடி வந்திட்டான். அதுதான் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

சேர் சிரித்துச் சரி போட்டார். "இப்பிடித் தாய்மார் இருந்தா எந்தத் துருப்பும் அழியாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மாமி தலையை ஆட்டிவிட்டு, உருண்டு கிடந்த குடத்தை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். மாமியும் எங்கள் விளையாட்டில் சேர்ந்துகொண்டாரே, எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதிவு கிடைத்தது. கிடைத்து என்ன? அடுத்த வருடமே சண்டை மீண்டும் தொடங்கிவிட்டது. பெடியன்களின் பெயர் வரிசையாக எழுதிய ஒரு கொப்பி வீட்டில் இருப்பதே ஆபத்து என்று அப்பா ஒருநாள் இடாப்பை அடுப்பில் வைத்தார். அண்ணன் தடுக்கவில்லை. அதற்குள் வரிசையில் ஐந்து பேர்தான் நின்றார்கள், பிறகு மூன்று. அண்ணனைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகு துருப்பைத் திரும்பத் தொடங்க யாரோ வந்தார்களாம். இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள் என்று கேள்வி. நல்ல விஷயம்தான். அவர்களாவது தங்கள் தங்கள் பெயருக்குப் பதில் சொல்லட்டும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை பின்னேரமே மாமி எங்கள் கொட்டிலுக்கு வந்தார். அண்ணன் அழத் தொடங்கினான்.  மாமி அவனைத் திட்டவில்லை.

"அந்தக் கொப்பியைக் கொண்டா மனே" என்றார்.

அண்ணன் இடாப்பைக் கொண்டுவந்தான். மாமி அதை மடியில் விரித்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தார். கடைசிப் பெயரில் விரல் நின்றது. 

"சிவப்புப் பேனையைத் தா."

அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அம்மாதான் பேனையை எடுத்துக் கொடுத்தார். மாமி அந்தப் பெயரின் மேல் கோடு இழுத்தார். கோடு நேராக வரவில்லை, திரும்பவும் ஒருமுறை இழுத்தார். "அண்ணனிட்டச் சொல்லுங்க மச்சாள், வாற ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டைக் குடுத்திருவம்" என்று அப்பாவுக்கான சேதியை அம்மாவிடம் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று நாள் பயிற்சி, முழங்காலில் இடிக்கிற காற்சட்டை, அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கணக்கு. நான் இடாப்பை எட்டிப் பார்த்து, வெட்டாத பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன்.

"பதினொண்டுதான் இருக்கு மாமி. ஒரு ஆள் குறையுதே!"

மாமி என் மொட்டைத் தலையைத் தடவினார்.

"ஓம் மகள். ஒரு ஆள் குறையுது."

கணக்கு விளங்கியும் வேண்டுமென்றே இப்படிச் செய்துவிட்டாரே என்று, அன்று படுக்கும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.