சொத்தைப் பழக் கூடை

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. படிப்பு இரண்டாம் வகுப்பு. ஆனாலும் எண்பதுகளில், பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தக்காளி ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கூலிக்குப் போனபோது, படித்தவர்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன்.

மாதா கோயிலுக்கு ஆகுமே என்று நாலு தக்காளி வரிசைக்கு நடுவே செண்டுமல்லி நட்டிருந்தேன். புழுவெல்லாம் பூவுக்குப் போனது. பக்கத்துத் தக்காளியில் ஓட்டை குறைந்தது.

மேஸ்திரி விடவில்லை. "தக்காளி பிளாட்டுல பூ எதுக்கு? திங்கக்கிழமைக்குள்ள புடுங்கிப் போடு. இல்லன்னா வேலைக்கே வராத."

பண்ணை ஆபீசரிடம் போனேன். அந்த வரிசையில் நல்ல பழமாகப் பொறுக்கி, துடைத்து, ஒரு கூடை. "ஜோரா இருக்கும்மா, வூட்ல ரசத்துக்கு ஆச்சு" என்று வாங்கிக்கொண்டார். பூவைப் பற்றி நான் சொன்னது காதில் ஏறவில்லை. பெரிய மனுஷரைப் பார்க்கச் சொத்தையையா கொண்டுபோவது? அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

மறுநாள் இரண்டு கூடை. பூ இருந்த வரிசையது ஒன்று, இல்லாதது ஒன்று. சொத்தையும் நல்லதும் பறித்தபடியே. மேஜைமேல் புழு நெளிந்தது.

"என்னம்மா இது அசிங்கம்!"

"எண்ணிப் பாருங்க சார்."

எண்ணினார். பூ இல்லாத கூடையில்தான் சொத்தை அதிகம். "நீயே பொறுக்கிப் போட்டிருக்கலாமில்ல?"

"அப்ப நீங்களே வந்து பறிங்க. எந்தச் செடின்னும் நீங்களே சொல்லுங்க."

பேண்ட்டை மடித்துக்கொண்டு வந்தார். அப்படியேதான் இருந்தது. "அந்தப் பக்கம் மண்ணு நல்லா இருக்கும்" என்றார்.

"அடுத்த போகம் பூவை இந்தப் பக்கம் மாத்தி நடலாங்க. தோத்தா நானே புடுங்கிடறேன்."

"சரி, பூ இருக்கட்டும்" என்றார். மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார்: "சயின்டிஸ்ட் அம்மா வந்துட்டாங்கப்பா!"

மாற்றி நட்டோம். தோற்றது. தக்காளி பூத்தபோது செண்டுமல்லி மொட்டுக்கூட விடவில்லை. மேஸ்திரிக்குக் கொண்டாட்டம். நான் ஆபீசரிடம் நானாகவே போய், "இந்தத் தடவை ஆகலீங்க. பூ பிந்திருச்சு. முன்னாடியே நாத்து விட்ருக்கணும்" என்றேன்.

அன்றுதான் எனக்கு நாற்காலி காட்டினார். "தோத்ததையும் வந்து சொல்றியேம்மா. இன்னொரு போகம் வச்சுப் பாரு."

அந்தப் போகம் செண்டுமல்லிக்கு முன்னாடியே நாற்று விட்டேன். பூ இருந்த பக்கம் சொத்தைக் கூடையில் அடிதான் நிறைந்தது. மேஸ்திரியே தன் வயலுக்கு என்னிடம் நாற்றுக் கேட்டார். கொஞ்சம் கெஞ்ச விட்டுக் கொடுத்தேன்.

உங்கள் பேச்சைப் படித்தவர்கள் கேட்க வேண்டுமா? சொத்தைக் கூடையையும் தூக்கிக்கொண்டு போங்கள். அவர்கள் கையாலேயே பறிக்க விடுங்கள்.

ஜெனி, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை உரக்கப் படி கண்ணு, கேட்கலாம். பூ தோற்ற இடத்தைத் தாண்டிப் போய்விடாதே.