லாரியின் கண்ணுக்குத் தெரியும் சட்டை

மழைக்கு ரப்பர் செருப்பு, வெயிலுக்குப் பருத்திச் சட்டை, மார்கழிப் பனிக்குக் குல்லா. வருடம் முழுவதும் நடக்கத் தேவையான எல்லாம் என்னிடம் உண்டு. குவாரிக் கல் ஏற்றிவரும் லாரிக்குத்தான் போட எதுவும் இல்லை.

இன்று உத்திரமேரூர் பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வெள்ளை டி-சர்ட் ஒன்றை எடுத்துப் போட்டார். "இத்தப் போட்டுக்கினு நட சார். இருட்டுலயும் பளிச்சுனு தெரியும். பாவம் சேகரு, கறுப்பு சட்ட போட்டுக்கினு போய்தான் லாரில மாட்னாரு."

சேகர் தினமும் விடியற்காலையில் என்னோடு நடந்தவர். போன வாரம் ஏரிக்கரைச் சாலையில் என் கண்ணெதிரே செத்தார்.

"யார் சொன்னது?"

"ஊரே சொல்து சார். டிரைவரும் அதான் சொன்னானாம்."

"சேகர் போட்டிருந்தது வெள்ளை. கறுப்பு போட்டிருந்தது நான். ஸ்டேஷன்லயும் சொல்லிட்டேன்."

அவர் டி-சர்ட்டை மடித்தார். "உடு சார். போனவரு போய்ட்டாரு. லாரிக்காரங்க நம்ம கஸ்டமரு. உனுக்கு இன்னா கலர் வேணும், அத்தச் சொல்லு."

சட்டை கறுப்பு என்றால் குற்றம் செத்தவனுடையது. வழக்கும் அதோடு முடியும்.

வாங்காமல் வந்துவிட்டேன். நாளையும் அதே சாலைதான்.

லாரி வைத்திருக்கும் நண்பர்கள் இங்கே முகநூலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். லைக் வேண்டாம். எந்த நிறம் போட்டால் பிரேக் பிடிப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.