ஊதுபத்திக் குச்சிக் கோபுரம்

ஸ்டெல்லா இருந்தாள். மஞ்சுளா இருந்தாள். ஃபாத்திமா, கோமதி. ஐந்தாவது நான். எங்கள் சயின்ஸ் மிஸ். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றிலிருந்து வந்த நடுவர், கழுத்தில் விசில். கடைசி வரிசையில், மாதா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், என் சித்தப்பா.

எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி. மூளையைக் கசக்கிச் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுப்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டும். அந்த வருடம் குச்சியில் கோபுரம், ஒரு சாண் உயரம். அதன்மேல் ஐந்தைந்து கிலோ இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அதிகம் தாங்குகிற கோபுரத்தைக் கட்டியவர்கள் இறுதிப் போட்டிக்கு டில்லி போவார்கள். நான் அதுவரை ரயில் ஏறியதில்லை.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் அம்மா ஊதுபத்தி உருட்டுவாள். வெறுங்குச்சிக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதம் ஒட்டினோம். பெரியவர்கள் தொடக்கூடாது. எங்களோடு வருகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லித்தந்தாலும் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார் மிஸ். நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. கோபுரத்தைக் கொண்டுவந்து விடத்தானே வருகிறார், உள்ளே வரமாட்டார் என்று நினைத்தேன்.

சித்தப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பஸ்ஸில் நின்றபடியே கோபுரம் இருந்த பெட்டியை நெஞ்சோடு பிடித்து வந்தார். ஸ்டெல்லாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு.

"அங்கிள், மூச்சு விடுங்க. கோபுரம் ஒண்ணும் ஆவாது."

"சும்மா இரு பாப்பா. மூட்ட கிழிஞ்சா தெச்சுக்கலாம். இது போனா உங்க மிஸ் என்னத் தெச்சிரும்."

போட்டி நடந்த இடத்து வாசலில் ஒரு டெம்போவிலிருந்து தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கை சும்மா இருக்காது. நாலு நடை சுமந்து கொடுத்தார்.

எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். திரும்பவும் குடித்தேன். மஞ்சுளா தன் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டு என் விரலைப் பார்த்தாள். முன்னால் போன பள்ளி இருபத்தொன்று ஏற்றியிருந்தது. அதுதான் அதிகம்.

தட்டு வைப்பது என் வேலை. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. கோபுரம் என் பக்கம் லேசாகச் சாய்ந்தது. அடுத்த தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"பாப்பா, ஒரே பக்கமா ஏத்துற. சன்னல் பக்கம் தள்ளி வை."

சித்தப்பாவின் குரல். தள்ளி வைத்தேன். நின்றது. இன்னொன்று வைத்தேன். அதுவும் நின்றது. அப்புறம்தான் விசில் கேட்டது.

நடுவர் கடைசி வரிசைக்குப் போனார். "இவரு யாரு? நிம்மவரா?" உங்கள் ஆளா என்று கன்னடத்தில் எங்களைக் கேட்டார். சித்தப்பா எங்கள் ஐந்து முகத்தையும் பார்த்தார். என் முகத்தைக் கடைசியில்.

"இல்ல சார். லோடு இளிசோக்கெ பந்தெ," என்றார். சுமை இறக்க வந்தவனாம்.

காலையில் அவர் இறக்கியதைப் பார்த்த ஒருவர் ஆமாம் என்றார். நடுவர் என்னைப் பார்த்தார். எனக்கும் அவரைத் தெரியாது என்று தலையாட்டினேன். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டில்லிக்கு எங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். சித்தப்பா கெட்டிக்காரர், நடுவரையே ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எல்லாம் முடிந்து நடுவர் வெளியே வந்தார். வாசலில் சித்தப்பா எங்களுக்காகக் காத்து நின்றார். லோடு ஏற்றாமல் என்ன வேடிக்கை, ஏற்று என்றார் நடுவர். சித்தப்பா சட்டைக் கையை மடித்தார். தட்டுகளை ஆறு ஆறாகத் தோளில் அடுக்கி டெம்போவுக்கு நடந்தார். வெள்ளைச் சட்டையில் துரு இறங்கியது.

நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பன் தின்றோம். எங்களைத் தாண்டும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். ஏனென்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை போகிறார் என்று விளையாட்டாக எண்ணினேன்.

ஒன்பது நடை.