நேத்து இங்கதான் நின்னுச்சு

எங்கள் காட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்தான்: சிறுத்தையைப் பார்க்க வேண்டும். மானைக் காட்டினால் ஆடு மாதிரி இருக்கிறது என்பார்கள். யானை வந்தால் வண்டியை எடுக்கச் சொல்லிப் பதறுவார்கள். சிறுத்தை மட்டும் வேண்டும். அதுவும் பாதையோரமாக, நல்ல வெளிச்சத்தில், முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் நுழைவாசலில் டிக்கெட் கொடுக்கிறவன். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இவர்களைப் பார்ப்பதே எனக்குப் போதுமான வேடிக்கை.

காடு ஒரு மாவட்டத்தைவிடப் பெரியது. வேன் போகும் பாதை அதில் ஒரு நூலிழை. அங்கே வந்து நிற்க வேண்டும் என்று சிறுத்தைக்கு என்ன தலையெழுத்தா? அதனால் எங்கள் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓடை வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கையை நீட்டி, "நேத்து இங்கதான் நின்னுச்சு" என்பார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று ஜனங்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். டிரைவர் தப்பித்துக்கொள்வார். இந்தப் பொய்யை முதலில் கண்டுபிடித்த மகானுக்கு 'நேத்து' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நேத்துவுக்குப் பெரிய உடம்பு, சின்னக் குரல். வேனில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைப்பார். சீட் உறைகளை அவரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைப்பார். நுழைவாசலுக்குப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் வேன் சாவி மட்டும்தான் தொங்கலாம். மனைவி ஒருநாள் அவசரத்துக்குக் குடையை மாட்டிவிட்டு, அன்று முழுக்கப் பேச்சுக் கேட்டிருக்கிறார்.

அந்த அம்மாதான் முதலில் கவனித்திருக்கிறார். மனுஷன் உப்பு டப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே உப்பைத் தேடினாராம். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஷயம் வீட்டைத் தாண்டக் கூடாது என்று நேத்து மனைவியிடம் சத்தியம் வாங்கினார். மனைவியின் தம்பிதான் அந்த வேனில் வழிகாட்டி; அவனிடமும் வாங்கினார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் தான் யார் என்று அவனிடம் கேட்டாராம்.

அன்றிலிருந்து மைத்துனன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "முன்னால மான்", "எதிர்ல வண்டி" என்று அவர் காதோடு சொல்லிக்கொண்டே வந்தான். பாதை அவர் கைக்கே மனப்பாடம். ஆபீஸில் வருஷத்துக்கொரு கண் பரிசோதனை உண்டு. அந்த எழுத்துப் பலகையை யாரும் மாற்றியதே இல்லை; வாய்ப்பாடு மாதிரி எல்லாருக்கும் தலைகீழாகத் தெரியும். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் சுகமாக மறைந்திருந்தது.

ஒருநாள் காலை ஒரு தம்பதி வந்தார்கள். அவர்களுக்கு அது மூன்றாவது தடவை. ஓடை வளைவில் கணவர் படம் எடுக்க எழுந்து நின்றுவிட்டார். நிற்கக் கூடாது என்பது விதி. மைத்துனன் பின்னால் திரும்பி அவரை உட்கார வைத்துக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் நேத்து வழக்கம்போல வேகத்தைக் குறைத்து, கையை நீட்டி, "நேத்து இங்கதான் நின்னுச்சு" என்றார்.

நீட்டிய இடத்தில் சிறுத்தை நின்றுகொண்டிருந்தது.

வேனில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நேத்து கியரை மாற்றிப் போய்க்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்த தம்பதிக்குத் தலைகால் புரியவில்லை. என் ஜன்னலுக்கு வந்து டிரைவரின் நெஞ்சழுத்தத்தைப் புகழ்ந்தார்கள். கண்ணெதிரே சிறுத்தை நிற்கும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நேற்று நின்றது என்று கிண்டல் செய்ய எத்தனை பேருக்கு வரும் என்றார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், நேத்து பானெட்டில் கை வைத்து அப்படியே நிற்கிறார். மைத்துனன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் அக்காவின் பேத்தியை அந்த வேனில்தான் ஏற்றி அனுப்பியிருந்தேன். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிடுவது என்று எழுந்தேன். அதற்குள் அவரே ஜன்னலுக்கு வந்தார்.

"நெஜமாவே நின்னுச்சா?"

"நின்னுச்சாம்."

"என்ன பண்ணுச்சு?"

"உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சாம்."

"இத்தன வருஷத்துல ஒரு தடவகூட அது அங்க நின்னதில்லப்பா," என்றார். பிறகு, இன்னும் சின்னக் குரலில், "அது ஓரமா நின்னுச்சு. பாதையில ரோந்து போற நம்ம வாட்ச்சர் யாராவது நடந்து வந்திருந்தா?"

நான் கேட்க நினைத்ததும் அதைத்தான். அவரே கேட்டுவிட்டதால் என்னிடம் திட்டு மிச்சமில்லை. சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, வேன் படியோரம் கிடந்த செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அந்த ஆணியில் இப்போது குடைதான் தொங்குகிறது.

வேனை மைத்துனன் ஓட்டுகிறான். கூட்டமில்லாத நாட்களில் நேத்து வந்து டிக்கெட் வாங்குவார். சும்மா போங்கள் என்றால் கேட்க மாட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருவார்.

போன வாரம் லீவு போட்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஓடை வளைவில் மைத்துனன் வேகத்தைக் குறைத்தான். கையை நீட்டி, "நேத்து இங்கதான்..." என்று ஆரம்பித்தான்.

"நேத்து கத கெடக்கட்டும்டா," என்றார் பின்னாலிருந்து. "இன்னைக்கு யாராவது நிக்கிறாங்களா? பாத்துச் சொல்லு."

மைத்துனன் வேனை நிறுத்தினான். பாதையையும் இரண்டு ஓரங்களையும் நிதானமாகப் பார்த்தான்.

"யாரும் இல்ல மாமா."

"சரி. வண்டிய எடு."